நாற்பதாவது பிள்ளை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. ஆனால் இது நடந்தது 1971-இல், புதுவாயல் பக்கத்தில், அரசு உதவி பெறும் ஒரு தனியார் பள்ளியில். அதுவும் பட்டப்பகலில். நான் அங்கே மூன்றாம் வகுப்பு டீச்சர்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இல்லையென்றால் என் போஸ்ட் போய்விடும். இருந்தது முப்பத்தொன்பது. மே மாத வெயிலில் வீடு வீடாக நாயாய் அலைந்தேன். ஒரு பிள்ளைகூடக் கிடைக்கவில்லை. வேறு பள்ளிக்குப் போகலாமென்றால் என் சர்ட்டிபிகேட் எல்லாம் மேனேஜர் பீரோவில். சேர்ந்த அன்றே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். வீட்டிலோ அப்பா படுத்த படுக்கை, கல்யாணமாகாத தங்கைகள் இரண்டு பேர்.

ஹெட்மாஸ்டர் ஆதிகேசவன் வழி சொன்னார். பழைய ரிஜிஸ்தரில் நீக்கிய பெயர் ஒன்றை எடுத்து எழுதினால் போதுமாம். பிறந்த தேதி, அப்பன் பெயர் எல்லாம் தயாராக இருக்குமாம். எல்லாரும் செய்வதுதானாம். ஜூனில் பள்ளி திறந்ததும் கண்ணில் பட்ட பெயரை எழுதினேன். செல்லியம்மாள். ஏன் நீக்கினார்கள் என்று கேட்கவில்லை... என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தப் பெயரை வாய்விட்டுக் கூப்பிட மாட்டேன். தினமும் ஆஜர் மட்டும் போட்டுவிடுவேன்.

ஒரு வாரம் போனது. கடைசி வரிசையில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் ஜன்னலோரம் ஓர் ஆள் இடம் காலி. மோசஸ் என்ற பையனைத் தள்ளி உட்காரச் சொன்னேன்.

"அங்க ஆள் குந்திக்கினு இருக்குது டீச்சர்."

பொய்யா சொல்கிறாய் என்று முதுகில் ஒன்று வைத்தேன். பொய் சொன்னது யார்? நான்தான்.

பிறகு சிலேட்டுகள். திருத்துவதற்காக அடுக்கினேன். நாற்பது இருந்தது. மூன்று முறை எண்ணினேன்... நாற்பதுதான். கடைசி சிலேட்டில் பெயர் இல்லை. கணக்கு மட்டும் சரியாகப் போட்டிருந்தது.

ஆகஸ்ட் 17, செவ்வாய். காலை 11:20. சொல்லாமல் கொள்ளாமல் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். அடுத்த வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையைக் கடன் வாங்கக்கூட நேரமில்லை. ரிஜிஸ்தரை வாங்கி அவரே பெயர் கூப்பிட்டார்.

முப்பத்தொன்பது குரல்கள்.

"செல்லியம்மாள்."

தொலைந்தேன்...

டக். சிலேட்டைத் தரையில் வைக்கும் சத்தம்.

"உள்ளேன் ஐயா."

ஜன்னலோரமிருந்து...

ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் தலைகளை எண்ணினார். நாற்பது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

11:35. நான் எண்ணினேன்.

முப்பத்தொன்பது.

மாலை 4:10. பள்ளி வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். பெயர் கங்கம்மா என்றாள். செல்லியம்மாளின் அம்மா. செல்லியம்மாளின் பெயரை இன்ஸ்பெக்டர் கூப்பிட்டதைப் பிள்ளைகள் சாப்பாட்டு வேளையில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"எம்பொண்ணு செத்து ரெண்டு வருசம் ஆவுது டீச்சர். ஆனா இந்த ஜூன் மாசத்துலேர்ந்து, தெனம் எட்டு மணிக்கு அவ பைய எடுத்துக்கினு கெளம்புற சத்தம் ஊட்டுல கேக்குது. இன்னாத்துக்குன்னு இப்பதான் தெரியுது. பேர அடிச்சி உடுங்க. அது தூங்கட்டும்."

அடித்துவிடுகிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன்.

அடிக்கவில்லை. பெயர் போனால் என் வேலை போகும்.

ஏப்ரலில் அவளுக்குத் தேர்ச்சி போட்டு நாலாம் வகுப்புக்கு அனுப்பினேன். அந்த டீச்சருக்கும் ஒரு பிள்ளை குறைந்தது.