மின்னல் இழுத்தடித்த சுவர்

கடைத்தெருவில் அவருக்கு மின்னல் என்று பெயர். காலையில் பலகையைக் கொடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குள் "இங்கு சைக்கிள் பழுது பார்க்கப்படும்" என்று கொட்டை எழுத்தில் எழுதி, எழுத்துக்கு நிழல் கொடுத்து, ஓரத்தில் ஒரு சைக்கிளையும் நிறுத்திவிடுவார். பல் டாக்டருக்குப் பல், கண்ணாடிக் கடைக்குக் கண், இறைச்சிக் கடைக்குச் சிரிக்கும் ஆடு. அந்த ஆடு எதற்குச் சிரிக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு மருத்துவமனைச் சுவரை மாதக்கணக்கில் இழுத்தடித்தார் என்றால், சங்கதி வேறு என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும்.

சங்கதி வயிற்றில் இருந்தது. அடிவயிற்றில் ஒரு புடைப்பு. இருமினால், பாரம் தூக்கினால், வாய்விட்டுச் சிரித்தால் எலுமிச்சம்பழம்போல எட்டிப் பார்க்கும். படுத்தால் நல்ல பிள்ளையாக உள்ளே போய்விடும். வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்துப் பள்ளிச் சீருடை தைக்கும் அவர் மனைவி, அரைகுறையாகக் கிடந்த சட்டையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அவரை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனார். பெரிய டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"குடலிறக்கம். சின்ன ஆபரேஷன்தான். ஆனா ரொம்பத் தள்ளிப்போடக் கூடாது. என்னைக்காவது குடல் உள்ள போகாம சிக்கிக்கிச்சுன்னா உயிருக்கே ஆபத்து."

"உங்களுக்குச் சின்னது சார். வயிறு என்னுது இல்ல?" என்றார் மின்னல்.

அப்போது ஆபரேஷன் அறைக்குப் போகும் வழியில் புதுச் சுவர் ஒன்று வெள்ளையடித்துத் தயாராக இருந்தது. ஆதி மனிதன் காலத்திலிருந்து இன்றுவரை வைத்தியம் வளர்ந்த கதையை அதில் வரையவேண்டும் என்பது பெரிய டாக்டரின் நெடுநாள் ஆசை. மின்னல் கப்பென்று அதைப் பிடித்துக்கொண்டார். "நானே வரையறேன் சார். சுவர் முடிஞ்ச மறுநாள் வந்து படுத்துக்கறேன். சத்தியமா." மின்னலின் வேகம் ஊரறிந்ததுதானே, பதினைந்து நாளில் முடிந்துவிடும் என்று டாக்டர் தலையாட்டிவிட்டார். மனைவி அன்றைக்கே மிச்சம் விழுந்த நீலச் சீருடைத் துணியில் ஒரு பை தைத்து, துண்டு, சோப்பு, மாற்றுத் துணி எல்லாம் வைத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டினார். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது மின்னல் அந்தப் பக்கம் மட்டும் பார்க்கமாட்டார்.

பச்சிலை அரைக்கும் பெண், கூர்ங்கல்லால் மண்டையில் துளை போடும் ஆதிகால வைத்தியன், அட்டைப்பூச்சி விட்டு ரத்தம் எடுப்பவர், அறுவை செய்யக் கத்தியோடு நிற்கும் நாவிதர், கொள்ளைநோய்க் காலத்தில் பறவை மூக்கு முகமூடி மாட்டிக்கொண்டு அலைந்த வைத்தியர் என்று கதை நன்றாகத்தான் போனது. முடியும் நேரம் நெருங்கியபோதுதான் மின்னலுக்கு மூளை வேலை செய்தது.

"சார், மூக்குக்கண்ணாடி வந்த கதையை விட்டுட்டோமே?"

"அட ஆமா!" என்றார் டாக்டர்.

அடுத்த வாரம் பல் பிடுங்குவது. அதற்கடுத்து அம்மைக்கு ஊசி. பாவம், டாக்டருக்குச் சரித்திரம் என்றால் உயிர். புதுசு புதுசாகக் கேட்கக் கேட்க, வீட்டிலிருந்து தடித்தடியாகப் படப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார். இப்படியாக மருத்துவ வரலாறு மூலை திரும்பி, துணி வைக்கும் அறையைத் தாண்டி, கழிப்பறை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. புத்தகங்கள் மின்னலுக்கு வேறு வேலையும் செய்தன. மயக்க மருந்து வருவதற்கு முந்தைய காலத்தில், நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, ஒருவர் ரம்பத்தோடு நிற்கும் படத்தைப் பார்த்ததும் புத்தகத்தைப் பட்டென்று மூடிவிட்டு, தூரிகையை இன்னும் மெதுவாக ஓட்டினார்.

ஒருநாள் மனைவி சாப்பாடு எடுத்து வந்தார். முதல் படத்திலிருந்து கடைசிவரை நிதானமாக நடந்து பார்த்தார்.

"ஏங்க, டாக்டருங்களுக்கெல்லாம் மீசை, தாடி, கண்ணுல ஒளின்னு அமர்க்களமா இருக்கு. படுத்துக்கிட்டு இருக்கறவங்கள்ல ஒருத்தருக்காவது மூஞ்சி இருக்கா?"

உண்மைதான். ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தார். ஒருவர் போர்வைக்குள். ஒருவர் முகத்தை வைத்தியரின் முழங்கை மறைத்தது. தேநீர்க் கோப்பையோடு அந்தப் பக்கம் வந்த மயக்க மருந்து டாக்டரம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"மூஞ்சி வரையறது கஷ்டம்," என்று மழுப்பினார் மின்னல்.

"ஆட்டையே சிரிக்க வச்சவரு நீங்க," என்று ஒரே போடாகப் போட்டார் மனைவி.

மின்னல் தூரிகையைக் கீழே வைத்தார். "பயமா இருக்கு. யார் மூஞ்சியை வரைஞ்சாலும் என் மூஞ்சியா வந்துடுது."

மாதக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் மனைவிக்கு அந்த இடத்திலேயே போய்விட்டது. பெயின்ட் கையென்றும் பாராமல் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா இருவரையும் முதல் படங்களின் பக்கம் கூட்டிப்போனார்.

"இந்த மண்டை ஓட்டைக்காரரை ஏன் செத்த மாதிரி போட்டிருக்கீங்க அண்ணா? இப்படித் துளை போட்ட மண்டை ஓடுங்க நிறையக் கிடைச்சிருக்கு. பலதுல துளையைச் சுத்தி எலும்பு ஆறி வளர்ந்திருக்கு."

"அப்படின்னா?"

"பொழச்சிருக்காங்க. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா வாழ்ந்திருக்காங்க."

"கல்லால குடைஞ்சுமா?"

"கல்லாலதான்."

"அப்போ இந்த ஆளு எழுந்து வீட்டுக்குப் போயிருக்கான்!" மின்னலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எலுமிச்சம்பழம் எட்டிப் பார்த்தது. அதை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டே, "நான் எப்ப வரட்டும்மா?" என்று கேட்டார். குறித்த நாளில் வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்த நீலப் பையை ஆணியிலிருந்து அவரேதான் எடுத்தார்.

மருத்துவமனைத் தள்ளுவண்டியில் ஏறும்போது அவருக்கு உள்ளூர ஒரு பெருமை. தான் வரைந்த சுவரை ராஜாபோலப் படுத்துக்கொண்டே பார்க்கப்போகிறோமே! ஆனால் வண்டி நகர்ந்ததும் கண்ணில் பட்டதெல்லாம் கூரைதான். குழல் விளக்கு, ஒரு குழாய், ஈரம் கசிந்த கறை. பக்கத்தில் இருந்த சுவர் அவருக்குத் தெரியவே இல்லை. விட்ட பயம் திரும்ப வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

"நிறுத்துங்க! வண்டியை நிறுத்துங்க!"

ஓடப்போகிறார் என்று நினைத்து ஊழியர் அவர் தோளைப் பிடித்தார். மனைவி பையோடு ஓடிவந்தார்.

"ஒண்ணுமே இல்லையே இங்க!"

"எங்கங்க?"

"மேல! பயந்துக்கிட்டுப் போறவன் பாக்கற இடத்துல ஒண்ணுமே இல்லையே! சுவர்ல வரைஞ்சு என்ன பிரயோஜனம்?"

"எழுந்து வந்து வரைங்க அண்ணா. என்ன வரையப்போறீங்கன்னு இப்பவே சொல்லிடுங்க," என்றார் டாக்டரம்மா. உள்ளே போய் மருந்து ஏறும்வரை மின்னல் சொல்லிக்கொண்டே இருந்தார். பாதியில் தூங்கிப்போனார். விழித்ததும் முதல் வார்த்தையாக, "நீலம் நிறைய வேணும்" என்றார். மனைவி அழுதுகொண்டே சிரித்தார்.

காயம் நன்றாக ஆறி, பெரிய டாக்டர் சரி என்றதும், உயரமாகப் பலகை கட்டி மல்லாந்து படுத்து மின்னல் கூரையில் வேலையைத் தொடங்கினார். இந்தத் தடவை மின்னல் மின்னலாகவே இருந்தார். ஒரே வாரம். கூரை முழுக்க நோயாளிகள், அத்தனை பேரும் வீட்டுக்குப் போகிறார்கள். மண்டையில் இலைக் கட்டோடு ஆதி மனிதன். கோலூன்றிக்கொண்டு ஏதோ நையாண்டி பேசிப்போகும் ஒற்றைக்காலர். பறவை மூக்கு வைத்தியரைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் பெண். அம்மைத் தழும்போடு ஒரு குழந்தை. எல்லோருக்கும் முகம் இருந்தது. அந்தக் காலங்களில் பாதிப் பேர் வீடு திரும்பவில்லை என்பது மின்னலுக்குத் தெரியாததல்ல. ஆனால் திரும்பியவர்களை யாராவது வரையவேண்டாமா? ஆபரேஷன் அறை வாசலுக்கு நேர் மேலே, கடைசி ஆளாக, வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு ஒருவர். முன்னால் நீலப் பையோடு வேகமாக நடக்கிற அம்மாளின் முகத்தில் மட்டும், "சீக்கிரம் வாங்க, தையல் வேலை கிடக்கு" என்ற அவசரம்.

மறுநாள் பித்தப்பைக் கல்லுக்காகப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகத்தில் ஈயாடவில்லை. கட்டிய பலகைகளைப் பிரித்துக்கொண்டிருந்த மின்னல் சுவரோடு ஒட்டி வழிவிட்டார். டீச்சரின் கண் மேலே போனது. மண்டைக்கட்டுக்காரனைப் பார்த்தது, ஒற்றைக்காலரைப் பார்த்தது. உதட்டோரம் லேசாக அசைந்தது.

"தம்பி," என்றார் டீச்சர், தள்ளிக்கொண்டு வந்தவரிடம். "கொஞ்சம் மெதுவாத் தள்ளுப்பா. இன்னும் யார் யாரெல்லாம் வீட்டுக்குப் போறாங்கன்னு பாத்துக்கறேன்."