புஸ்வாணப் பெட்டியில் ஒரு பொன்மலர்

சிவகாசிப் பட்டாசு கம்பெனி ஒன்றில் லேபிள் வாசகம் எழுதுகிறவன் நான். ஒரு சீசனில் புஸ்வாணப் பெட்டிக்கு, "திரியில் தீயிட்டு, பூக்கும் பொன்மலரை அருகிருந்து ரசியுங்கள்" என்று எழுதி, திருத்தங்கல் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். அந்தக் கர்வத்தில், லேபிள் ஒட்டும் மாரியம்மாளிடமும் வாசித்துக் காட்டினேன்.

"அண்ணாச்சி, எம் மக இதப் படிச்சா மூஞ்சியக் கொண்டுபோயி புஸ்வாணத்து மேலயே வச்சிருவாளே! தள்ளி நில்லுன்னு எங்கன எழுதியிருக்கீக?"

உடனே அச்சகத்துக்குப் போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. ஓடிப்போய் பைக்கில் சாவியைக் குத்தினேன், நுழையவில்லை.

"அது மேனேஜர் வண்டி அண்ணாச்சி!" என்று கத்தினார் மாரியம்மாள்.

என் வண்டியைத் தேடிப் பிடித்துப் பறந்தேன். அச்சகக்காரர் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காலையில இருந்து கரண்டே இல்ல. ஒரு தாள்கூட ஓடல. நீங்க எதுக்கு இம்புட்டு வேர்க்கீக?"

அங்கேயே மாற்றி எழுதினேன்: "பற்றவைத்ததும் தள்ளி நில்லுங்கள்."

பொன்மலர் போனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். ஆனாலும் இப்போதெல்லாம் எதை எழுதினாலும் முதலில் மாரியம்மாளிடம் கொடுக்கிறேன். அவர் தன் மகளை நினைத்துக்கொண்டு படிப்பார்; முடிக்கும்வரை நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.