கணுக்கால் வரை ஜப்பான்

முபாறக் இரண்டு கைகளாலும் பொட்டலத்தை நீட்டி, இடுப்பிலிருந்து குனிந்து, "சின்னச் சாமான்தான் மச்சான், குற நினைக்காதீங்க" என்கிறார். பூப்போட்ட காகிதம். மடிப்புகள் அளவுகோல் வைத்து மடித்தாற்போல நேராக இருக்கின்றன. மேலே சிவப்பு நூலில் ஒரு முடிச்சு. பயபக்தியோடு பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கருவாடு. ஒன்றே ஒன்று. நேற்று அவர் கல்பிட்டிக்குப் போய்வந்தார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

போன வாரம் எலுவன்குளத்திலிருந்து ஒரு கொய்யாப்பழம் இதே மாதிரி வந்தது. அதற்கு முந்திய வாரம் புத்தளம் டவுனிலிருந்து ஒரு மேசைக்கரண்டி உப்பு. கனமூலையில் பிறந்து, உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போன எனக்கு உப்பை அன்பளிப்பாகக் கொடுக்க ஒரு தைரியம் வேண்டும். கேட்டால் விளக்கம் தயாராக இருக்கும். "ஜப்பான்ல ஒரு இடத்துக்குப் போனா, மத்த ஆக்களுக்கு சாமான் கொண்டராம வாறல்ல. அதுதான் மரியாத." என் மனைவி அந்தக் காகிதங்களை மடிப்பு நீக்கி அலுமாரியில் அடுக்கி வைக்கிறாள். இதுவரை முப்பத்தேழு சேர்ந்திருக்கின்றன.

முபாறக்குக்கு நாற்பத்திரண்டு வயது. எட்டு வருடம் ஜப்பானில் இபராக்கி என்ற பக்கத்தில் பழைய வாகனங்களைக் கழற்றும் யார்டொன்றில் வேலை செய்தார். இப்போது மதுரங்குளிச் சந்தியில் வாகன உதிரிப் பாகங்கள் விற்கும் பாட்ஸ் கடை வைத்திருக்கிறார். கடை காலை எட்டரைக்குத் திறக்கும். எட்டரை என்றால் எட்டரைதான். ஒருநாள் எட்டு இருபத்தேழுக்கு ஒரு விவசாயி டிராக்டரை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடிவந்து கண்ணாடிக் கதவைத் தட்டினார். முபாறக் உள்ளே நின்றபடி கைக்கடிகாரத்தைக் காட்டி, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு மூன்று நிமிடமும் விட்டுவிட்டுக் குனிந்துகொண்டிருந்தார். விவசாயிக்கு வேண்டியிருந்தது ஒரு பெல்ட். அவர் அதைப் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டு வாசலில் நான்கு நிற வாளிகள் இருக்கும். எரியும் குப்பை, எரியாத குப்பை, போத்தல், பேப்பர். மனைவி அஸ்மியா தயிர்க் கோப்பையைக் கழுவாமல் போட்டுவிட்டால் அன்றைக்கு வீட்டில் ஒரு விரிவுரை நடக்கும். செவ்வாய்க்கிழமை குப்பை டிராக்டர் வந்து நான்கு வாளியையும் ஒரே பெட்டிக்குள் கவிழ்க்கும். அதற்கும் முபாறக் குனிந்து நன்றி சொல்லுவார்.

குனிவதில்தான் ஒருமுறை சிக்கல் வந்தது. தொலைபேசியில் கதைக்கும்போதும் குனிவார். எதிரே ஆள் இருக்க வேண்டும் என்பதில்லை. இதைப் பார்த்துக்கொண்டிருந்த மௌலவி, "குனியிறத அல்லாஹ்வுக்கு வெச்சிக்கங்க தம்பி" என்றார். முபாறக் ஒரு வாரம் யோசித்துவிட்டு, "இது பதினைஞ்சு பாகைதான் ஹஸ்ரத். தொழுகைட ருகூஉல சேராது" என்று போய்ச் சொன்னார். மௌலவியிடம் பாகைமானி இல்லாததால் அந்த விவகாரம் அத்தோடு முடிந்தது.

இப்படி ஜப்பானைக் கரைத்துக் குடித்த மனிதர் அங்கே என்னதான் பார்த்தார் என்று நீங்கள் கேட்கலாம். கேட்காதீர்கள், கேட்டால் போனை எடுத்துவிடுவார். உள்ளே நாலாயிரம் படங்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் மூன்று பேர் ஒரு வேனில் சுற்றியிருக்கிறார்கள். யார்டில் மேற்பார்வையாளராக இருந்த ஒகாவா என்ற முதியவர், சிலாபத்துச் சிங்களவர் சமிந்த, நம்முடைய முபாறக். மலை, கோயில், பூ மரங்கள், வாணவேடிக்கை என்று ஒன்றையும் விடவில்லை. எல்லா ஊர்த் திருவிழாவிலும் முபாறக் மட்டும் கையில் ஒரு சுட்ட சோளப்பொத்தியோடு நிற்கிறார். ஹலாலா இல்லையா என்று பிரச்சினை வராத சாப்பாடு அது ஒன்றுதானாம். ஜப்பானியப் பண்பாட்டை எட்டு வருடமும் சோளத்தின் துணையோடுதான் ஆராய்ந்திருக்கிறார்.

வெந்நீர் ஊற்றுக் குளிப்புத்தான் அங்கே பெரிய விசேஷம். ஆண்கள் எல்லோரும் ஒரு பொட்டுத் துணியில்லாமல் ஒரே தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்திருப்பார்களாம். முதல் தடவை முபாறக் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, களப்பில் இறங்குகிற மாதிரி தொட்டிக்குள் இறங்கினார். சாரம் காற்றை வாங்கிக்கொண்டு தண்ணீருக்கு மேலே குடைபோல எழும்பியது. குளித்துக்கொண்டிருந்த பதினொரு பேர் எழுந்து வெளியே போனார்கள். காவலாளி கூச்சல் போட்டுக்கொண்டு வந்தான். அதன்பிறகு அவர் எந்தத் தொட்டிக்குள்ளும் இறங்கவில்லை. அங்கெல்லாம் வாசலில் காலை மட்டும் நனைக்க ஒரு சின்னத் தொட்டி இருக்குமாம். காற்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு அதில் உட்கார்ந்துவிடுவார். புகழ்பெற்ற பத்தொன்பது வெந்நீர் ஊற்றுகளை அவர் கணுக்கால் வரை அறிவார்.

அந்தப் பத்தொன்பது இடத்துப் படங்களும் ஒரே மாதிரி. தண்ணீருக்குள் இரண்டு சோடிக் கால்கள். ஒன்று முபாறக்கினுடையது. மற்றது யாருடையது என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒகாவா சான்ட கால்" என்றார். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். "நான் சொன்னன் மச்சான், நீங்க உள்ள போய்க் குளிங்க, நான் இருக்கன் எண்டு. கேக்கல்ல. இண்டைக்கு எனக்குக் கால் நோகுது, காலுக்கு மட்டும் போதும் எண்டாரு. எட்டு வருசமும் அந்த மனிசனுக்குக் கால்தான் நொந்த."

அன்றைக்கு அவர் குனியவில்லை, விளக்கம் சொல்லவில்லை, பொட்டலமும் தரவில்லை. எனக்கு அவரை அப்போது பிடித்திருந்தது. மறுநாள் சோப்புப் போடும் முறை பற்றி எனக்குப் பாடம் எடுத்தார், பழையபடி ஆகிவிட்டது.

இதையெல்லாம் ஊர் சிரித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டது. ஒன்றை மட்டும் பொறுக்கவில்லை. அவர் திரும்பி வந்த இரண்டாம் மாதம் அவருடைய அண்ணன் நிஸார் நானாவின் மகள் இல்மாவுக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் விருந்து சஹன் விருந்து. பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, இறைச்சியை மேலே வைத்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவோம். முபாறக்கை மாப்பிள்ளையின் வாப்பாவோடும் நிஸார் நானாவோடும் ஒரே சஹனில் உட்காரவைத்தார்கள். அது மரியாதையான இடம். இவர் சஹனைப் பார்த்தார், சுற்றியிருந்த ஐந்து கைகளையும் பார்த்தார். "எனக்கு வேற பிளேட் ஒண்டு தாங்க. அஞ்சு பேர் கை வெச்ச சோத்தத் திண்டு இப்ப பழக்கமில்ல" என்றார். மாப்பிள்ளையின் வாப்பா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எட்டு வருடம் யார்டின் பின்னால் ஒரு சின்ன அறையில் தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்ற கை அது என்று எனக்குப் பிறகுதான் தோன்றியது. அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை.

நிஸார் நானாவுக்கு அது வெறும் மரியாதைப் பிரச்சினையும் இல்லை. வாப்பா மௌத்தாகி அடக்கப்பட்டபோது முபாறக்குக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து எந்தச் சஹனிலும் இறைச்சியைப் பிய்த்துத் தம்பியின் பக்கம் தள்ளிவிட்டவர் அவர்தான். அந்தக் கையைத்தான் தம்பி சபையில் வைத்து வேண்டாமென்றார். அன்று மூடிய வாய் திறக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலி. இரண்டு நோன்புப் பெருநாளும் இரண்டு ஹஜ்ஜுப் பெருநாளும் அந்த வேலியைத் தாண்டாமலே போயின. மூன்று நாளுக்கு மேல் முகம் திருப்பக்கூடாது என்று மார்க்கம் சொல்வதை இருவரும் நன்றாக அறிவார்கள். மற்றவர்களுக்கு எடுத்தும் சொல்வார்கள்.

முபாறக் தன் வழியில் முயன்றார். எங்கே போய்வந்தாலும் முதல் பொட்டலத்தை நானாவின் கேற் தூணில் வைத்துவிடுவார். நானாவின் ஆடுகள் காகிதத்தோடு தின்றுவிடும். யார்டில் நாளுக்கு நாற்பது தரம் ஜப்பானிய மொழியில் மன்னிப்புக் கேட்ட வாய் அது. வேலிக்கு அந்தப் பக்கம் போய்த் தமிழில் ஒருதரம் கேட்க அந்த வாய்க்கு இரண்டு வருடம் போதவில்லை.

இந்த நிலையில்தான் போன பெப்ரவரியில் ஒகாவாவிடமிருந்து செய்தி வந்தது. கல்பிட்டியில் டொல்பின் பார்க்க வருகிறாராம். ஒரு பகல் முபாறக்கோடு இருக்க வேண்டுமாம். ஒரேயொரு ஆசையும் எழுதியிருந்தார். முபாறக்கின் கல்யாணப் படத்தில் ஆறு பேர் ஒரு தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்த நாளிலிருந்து, தானும் அப்படி ஒருதரம் சாப்பிட வேண்டும் என்று இருக்கிறதாம்.

முபாறக் மூன்று நாள் கடையை எட்டு முப்பத்தைந்துக்குத் திறந்தார்.

வாப்பாவின் காலத்துப் பெரிய சஹன் நிஸார் நானா வீட்டில்தான் இருக்கிறது. கேட்கப் போனது முபாறக் இல்லை. அஸ்மியா போய் நானாவின் மனைவி ஸபீனாவிடம் கேட்டாள். உள்ளேயிருந்து நானாவின் பதில் வேலிக்குக் கேட்கிற மாதிரி வந்தது. "சஹன் தாறன். ஆனா அது இந்த வீட்ட உட்டு வெளிய போறல்ல. வாற மனிசன் இங்க வந்து திங்கட்டும்."

அன்றைய நிகழ்ச்சி நிரலை முபாறக் அச்சடித்து எனக்கும் ஒன்று தந்தார். பகல் சாப்பாடு பன்னிரண்டு முப்பது. ஊர் திரும்பி வேன் ஓட்டிக்கொண்டிருக்கும் சமிந்த, ஒகாவாவைப் பன்னிரண்டு இருபதுக்கே கொண்டுவந்து இறக்கினார். வெள்ளைத் தொப்பி போட்ட ஒல்லியான மனிதர். நேரம் ஆகவில்லை என்று ஒகாவா கேற்றுக்கு வெளியே வெயிலில் நின்றார். முபாறக்கும் பக்கத்தில் நின்றார். நிஸார் நானா விறாந்தையிலிருந்து முருங்கை மரத்தைப் பார்த்து, "வயசான மனிசன வெயில்ல நிப்பாட்டி வெச்சிருக்கிறது எந்த ஊர் மரியாத?" என்று கேட்டார். பன்னிரண்டு முப்பதுக்கு ஒகாவா செருப்பைக் கழற்றித் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

பாயில் வெள்ளைத் துணி விரித்து சஹனை வைத்தார்கள். படிக்கமும் செம்பும் வந்தன, கை கழுவினோம். நிஸார் நானா, ஒகாவா, சமிந்த, இல்மாவின் கணவர் ஃபஸ்லான், நான். ஐந்து பேர். ஆறாவது இடம் நானாவுக்கும் ஒகாவாவுக்கும் நடுவில் காலியாக இருந்தது. முபாறக் சுவரோரமாக ஒரு கதிரையில் இருந்தார். மடியில் தன் வீட்டுப் பீங்கான் தட்டு.

"நான் பாஷ சொல்லிக் குடுக்கணுமே. கீழ இருந்தா சரிவராது" என்றார் என்னிடம். பிறகு சோற்றை எப்படிப் பிசைவது, எந்த விரலால் தள்ளுவது, தன் பக்கத்தோடு எப்படி நிறுத்திக்கொள்வது என்று கதிரையிலிருந்தே ஒகாவாவுக்கு நீண்ட விளக்கம் கொடுத்தார். சஹனைப் பற்றி அவ்வளவு விபரமாக யாரும் பேசி நான் கேட்டதில்லை.

ஒகாவா கேட்டுக்கொண்டிருந்தார். காலி இடத்தைப் பார்த்தார். கதிரையைப் பார்த்தார், மடியிலிருந்த தட்டைப் பார்த்தார். பிறகு முழங்காலில் கையை ஊன்றி மெதுவாக எழுந்து, ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, கதிரைக்குப் பக்கத்தில் வெறும் தரையில் போய் உட்கார்ந்தார்.

சோற்றுக்குப் போன நிஸார் நானாவின் கை அப்படியே நின்றது. விருந்தாளி எழுந்துபோன சஹனில் யார் கை வைப்பது? ஃபஸ்லான் தலையைக் குனிந்துகொண்டார். கதவுக்குப் பின்னால் ஸபீனா, "அல்லாவே, உறைப்புக் கூடிட்டா?" என்றாள்.

"என்ன சொல்றாரு?" என்று நான் முபாறக்கிடம் கேட்டேன். அன்று காலையிலிருந்து ஒகாவாவின் தும்மலைக்கூட மொழிபெயர்த்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. சமிந்ததான் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"காலு நோகுது சொல்றார். அவர் முபாறக் கூட இருக்கிறது சொல்றார்."

அந்த அறையில் அதன் பொருள் தெரிந்தவர்கள் எங்களில் சிலர்தான். முபாறக்கின் முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். எழுந்தார். தட்டைக் கதவடியில் நின்ற அஸ்மியாவிடம் கொடுத்தார். ஒகாவாவைக் கையைப் பிடித்துத் தூக்கி அவருடைய இடத்தில் உட்காரவைத்தார். படிக்கத்தில் கையைக் கழுவினார். வழக்கமான மூன்று நிமிடச் சோப்பு இல்லை, ஒரே ஊற்று.

"நானா, கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றார். குரல் ஒன்பது வயதுப் பையனுடையதைப் போல இருந்தது.

நானா தள்ளி இடம் விட்டார். பிஸ்மி சொல்லிச் சோற்றில் கை வைத்தார். ஒகாவா எல்லாப் பாடத்தையும் மறந்து ஐந்து விரலாலும் அள்ளி, பாதியைத் துணியில் சிந்தி, சத்தமாகச் சிரித்தார். ஃபஸ்லானும் சிரித்தார். நிஸார் நானா சிரிக்கவில்லை. யாரையும் பார்க்காமல், பெரிய இறைச்சித் துண்டு ஒன்றை எலும்போடு பிய்த்துத் தம்பியின் பக்கம் தள்ளிவிட்டார்.

முபாறக் அதைத் தின்றார். எலும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தின்றார். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு, போட ஓர் இடம் தேடுகிறவர்போலக் கொஞ்சம் சுற்றிப் பார்த்தார். நானாவின் முழங்காலடியில், துணியில், நானா தின்று போட்ட எலும்புகள் சின்னக் குவியலாகக் கிடந்தன. முபாறக் கையை நீட்டித் தன்னுடைய எலும்பையும் அதன்மேல் வைத்தார்.