பஞ்சு பிடித்த இடது கை

பக்கவாதம் வந்து போன பிறகு என் வீட்டுக்காரரின் இடது கை மூடிக்கொண்டது. பிடிக்கச் சொன்னால் பிடிக்கும். திறக்கச் சொன்னால் திறக்காது. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை, "சின்னப் பிள்ளை வேலை" என்று ஓரங்கட்டிவிட்டார். மகளுக்குத் தை மாதம் ஸ்ரீரங்கத்தில் கல்யாணம். "இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் எப்படித் தாரை வார்க்கிறது? தம்பியும் அவன் பொண்டாட்டியும் நின்னு செய்யட்டும்" என்று முடிவே கட்டிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்று ரசத்துக்கு உப்புப் போடவில்லை.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் தக்களியில் நூல் நூற்கும் வகுப்பு உண்டு. வலது கை தக்களியைச் சுழற்றிவிடும். இடது கை பஞ்சைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அதுதானே இவர் கைக்குத் தேவை? "தாலிக்கயிறை நம்ம நூல்லயே திரிக்கலாங்க" என்று ஆசை காட்டினேன். பயிற்சி என்ற வார்த்தையை எடுக்கவே இல்லை.

ஆயுசெல்லாம் திருவெறும்பூரில் லேத் முன்னால் நின்ற மனுஷன். மூங்கில் குச்சியில் கொட்டாங்கச்சி வில்லையைச் செருகி நான் செய்த தக்களி அவருக்குப் பிடிக்கவில்லை. ஆட்டம் இருக்கிறதாம். பழைய சிநேகிதரின் பட்டறைக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, இரும்பில் ஒன்று கடைந்து வாங்கி வந்தார். பளபளவென்று இருந்தது. மயிரிழை ஆட்டம்கூடக் கிடையாது. சுழற்றியதும் அதன் கனம் தாங்காமல் நூல் பட்டென்று அறுந்து, தக்களி அவர் கால் கட்டைவிரலில் விழுந்தது. நான் சிரித்துவிட்டேன். அவர் முறைத்தார். மறுநாள் கொட்டாங்கச்சித் தக்களியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தினமும் காலையில் காபி ஆனதும் உட்காருவோம். "இழுக்காதீங்க. விடுங்க" என்பேன். "விடறேன்ல" என்று எரிந்து விழுவார். நூல் ஓரிடத்தில் வாழைநார் தடிமனுக்கு இருக்கும், இன்னோரிடத்தில் தலைமுடியாக இளைத்திருக்கும். மழைக்காலம் முடிவதற்குள் அவர் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிரிந்து பிரிந்து சேர ஆரம்பித்தன. எனக்கு மனசு பூரித்துப்போயிற்று. கண் பட்டுவிடுமோ என்று வாயைத் திறக்கவில்லை. நூற்றதையெல்லாம் பல இழையாகச் சேர்த்து முறுக்கி மஞ்சளில் நனைத்தோம். தம்பி பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

கல்யாணத்தன்று தாரை வார்க்கும் நேரம் வந்தது. மகளின் கையை அவர் இரண்டு கையிலும் ஏந்த வேண்டும். நான் மேலே தண்ணீர் விட வேண்டும். கூட்டத்தைப் பார்த்த பதற்றத்தில் இடது கை பழையபடி இறுகிக்கொண்டது. சொம்பும் கையுமாக நான் அவர் காதருகே குனிந்து, "விடுங்க" என்றேன், வீட்டில் சொல்கிற மாதிரியே.

கட்டைவிரல் அசைந்தது. அப்புறம் ஆள்காட்டி விரல். அப்புறம் மற்றவை, ஒவ்வொன்றாக. மகள் தன் கையை அதில் வைத்தாள். நான் சொம்பைச் சாய்த்தேன்.

எங்கள் கயிற்றில் கோத்த தாலியை ஐயர் எடுத்த பிறகும் அவர் மகளின் கையைப் பிடித்தபடியே இருந்தார். விடுங்க என்று நான் சொல்லவில்லை.