ரதி வேடம் கட்டிய எங்கள் அண்ணன்

மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர் எங்கள் அண்ணன். எழுபத்தேழுக் கலவரத்தில் அந்த லயத்துக்குத் தீ வைத்தார்கள். அப்பா அதிலேயே போய்விட்டார். மிஞ்சிய நாங்கள் உடுத்த துணியோடு கிளிநொச்சிப் பக்கம் வந்து, காடு வெட்டிக் குடிசை போட்டோம்.

அண்ணனுக்குக் காலையில் வயல், பின்னேரம் கரப்பந்து ஆட்டம், ஞாயிறன்று சீட்டாட்டம். மாசி பிறந்தால் காமன் கூத்து. அதில் அவர் ரதி, அவருடைய கூட்டாளி மன்மதன். மீசையை மழித்துச் சேலை கட்டி வந்தால், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய பக்கத்து வயல் ஐயா, "உவரைப் பாத்தா எங்கட பெண்டுகள் தோத்துப் போவினம்!" என்று சிரிப்பார்.

"ஒரு மனுசனுக்கு எத்தன சோலி?" என்று அண்ணி ஏசுவார்.

"ஒரே சட்டையத் தொவச்சுத் தொவச்சுப் போட்டா கிழிஞ்சிடும் புள்ள. மனசும் அப்புடித்தான்," என்பார் அண்ணன். "அதோட, ஆம்பள வாய்விட்டு அழ வேற எங்க எடமிருக்கு?"

கூத்தில் சிவன் மன்மதனை எரித்தபின் ரதி புலம்பும்போது அவர் அழுதது நடிப்பல்ல. அப்பாவுக்காகவே அழுதார். மறுநாள் வயிறாரச் சாப்பிடுவார்.

பின்னர் போர் வந்தது, ஊரடங்கு வந்தது, கூத்து நின்றது. கரப்பந்துத் திடலில் இராணுவ முகாம் எழுந்தது. ஒருநாள் கடைக்குப் போன, மன்மதன் வேடம் கட்டிய அந்தக் கூட்டாளி தெருவில் சுடப்பட்டுக் கிடந்தார். அண்ணன் அழவில்லை. "புள்ளைங்களுக்காக இருங்க, அது போதும்," என்று ஊரே ஆறுதல் சொன்னது.

அப்படியே இருந்தார். வயலும் வீடும்தான். "இப்பதான் பொறுப்பு வந்திருக்கு," என்று மெச்சினார்கள். நாசமாய்ப் போன பொறுப்பு! பிள்ளைகள் நல்ல சட்டையோடு பள்ளிக்குப் போனார்கள், ஆனால் அவரிடம் பேசப் பயந்தார்கள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் நோயொன்றும் இல்லை என்றார்கள்.

"அண்ணே, ஒருக்கா அழுதிடுங்களேன்," என்று கெஞ்சினேன்.

"வரல தங்கச்சி," என்றார்.

சென்ற வருடம், அறுவடைக்கு முன், கண்மூடினார்.

ஊரடங்கு தளர்ந்த சிறு பொழுதுக்குள் அவரைச் சுமந்து சென்றவர்களுக்கும், எங்களுக்குச் சமைத்துத் தந்த பக்கத்து வயல் ஐயா வீட்டாருக்கும் எங்கள் கும்பிடு. ஒரேயொரு வேண்டுகோள். அண்ணியைப் பார்க்க வருகிறவர்கள் அவரைக் கோயிலுக்கோ சந்தைக்கோ கூட்டிப் போங்கள். நாலு கதை பேசவிடுங்கள். பிள்ளைகளுக்காக மட்டும் இரு என்று சொல்லாதீர்கள். அண்ணனிடமும் அதைத்தான் சொன்னீர்கள், அவரும் கேட்டார்.

நேற்றும் ஒருவர் வந்து அதையே சொல்லிவிட்டுப் போனார். அண்ணி, "சரிங்க," என்றார்.