போர்டில் காய்த்த முந்திரி

மூன்றாம் வகுப்பு வரை பள்ளிக்கூடத்தில் எனக்கும் சேர்த்துப் பேசியவள் என் சித்தப்பா மகள்தான். டீச்சர் பேர் கூப்பிடும்போது "உள்ளேன் டீச்சர்" என்று தனக்கொன்று, எனக்கொன்று சொல்லிவிடுவாள். எனக்குத் தண்ணீர் தாகம் என்பதைக்கூட அவளே அறிவிப்பாள். வீட்டில், காது வலிக்கிறதென்று அப்பா எழுந்து போகும் அளவுக்குப் பேசுகிற எனக்குப் பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் குரல் எழும்பாது.

"முழுப் பரீட்சைக்குள்ள வாயத் தொறக்கலைன்னா, இன்னொரு வருசம் இதே வகுப்புல இருக்கட்டும்மா" என்று பெரிய சார் அம்மாவிடம் சொல்லிவிட்டார். சித்தப்பா மகள் நாலாம் வகுப்புக்குப் போவாள், நான் மட்டும் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும்! நினைத்து நினைத்து அழுதேன். அதையும் சத்தமில்லாமல்தான் அழுதேன்.

எங்கள் டீச்சர் கீரனூரிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னை ஒருநாளும் அதட்டியதில்லை. முந்திரி பழுக்கும் காலத்தில், காய்ச்சல் விட்டு நான் வகுப்புக்குத் திரும்பிய அன்று, போர்டில் பெரிதாக ஒரு முந்திரிப்பழம் வரைந்தார். வரைந்துவிட்டு, மாங்கொட்டை மாதிரி கொட்டையைப் பழத்துக்குள்ளே வைத்தார்.

முந்திரிக்காடாய்க் கிடக்கும் எங்கள் கந்தர்வக்கோட்டைப் பக்கம் பால்குடி மறக்காத பிள்ளைகூட அப்படி வரையாது. சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சித்தப்பா மகளோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, முகம் சிவக்க நெளிந்துகொண்டிருந்தாள். வாந்தி வருகிறதோ என்று நினைத்தேன்.

டீச்சர் இன்னொரு பழம் வரைந்தார். அதற்குள்ளும் கொட்டை! எனக்குப் பொறுக்கவில்லை.

"உள்ள இருக்காது டீச்சர்! கொட்டை வெளிய தொங்கும்!"

அது என் குரல் என்பதை நம்பவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்படியா? எனக்கு என்னத்தா தெரியும்? இங்கிட்டு வந்து நீயே போட்டுக் காட்டு."

சாக்பீஸ் கைக்கு வந்ததும் என்னைப் பிடிக்க ஆளில்லை. கொட்டையைத் திருகித்தான் எடுக்கணும், ஓட்டுல இருக்க பால் பட்டா தோலு வெந்துரும், பழச்சாறு கறை போகவே போகாது, எங்கப்பா வேட்டியைப் பாருங்க என்று மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தேன். டீச்சர் என் இடத்தில் உட்கார்ந்து கேட்டார். பெரிய சார் வாசலில் வந்து நின்று சிரித்தார். அப்படியொரு சந்தோஷம் எனக்கு அதுவரை வந்ததில்லை.

நாலாம் வகுப்புக்கு இருவரும் ஒன்றாகவே போனோம். டீச்சருக்கே பாடம் நடத்தியவள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். முந்திரி எப்படிக் காய்க்கும் என்றுகூடத் தெரியாதவர் எப்படி டீச்சரானார் என்று பாவப்பட்டதும் உண்டு.

நான் காய்ச்சலில் கிடந்தபோது டீச்சர் வகுப்பு மொத்தத்திடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார். வாயில் ஒரு ரகசியமும் தங்காத என் சித்தப்பா மகள், அதைத் தன் கல்யாணத்தன்றுதான் என்னிடம் சொன்னாள். நான் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று அத்தனை பிள்ளைகளும் அன்று வாயை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நானோ, டீச்சர் போட்ட தப்பு என் கண்ணில் மட்டும்தான் பட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.