செகண்ட்ஸ் இல்லாத மேசை

பக்கத்து வீட்டு கேரனின் சமையலறையில், பாத்திரம் கவிழ்க்கும் துண்டின்மேல் துப்பாக்கித் தோட்டாக் கூடுகள் காய்ந்துகொண்டிருக்கும். கணவரின் வேலைக்காகத் திருப்பூரிலிருந்து மொன்டானாவுக்கு வந்த புதிதில், அதைப் பார்த்ததும் கொடுத்த காபியைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன். இப்போது காபி குடித்துக்கொண்டே நானும் அவற்றைத் தரம் பிரித்துக் கொடுக்கிறேன். சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூட்டைக் கழுவி, தேர்ந்து, மறுபடி வெடிமருந்து நிரப்புவார்கள். கேரன் சுடும் மான்தான் குளிர்காலம் முழுக்க அவர்கள் வீட்டுக் கறி.

தேர்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டுவாள். வாயில் மயிரிழை விரிசல் உண்டா, அடிக்குச் சற்று மேலே பளபளப்பாய் ஒரு வளையம் தெரிகிறதா என்று பார்ப்பாள். வளையம் தெரிந்தால் உள்ளே பித்தளை மெலிந்துவிட்டது என்று அர்த்தம். சுடும்போது கூடு அறுந்து, நெருப்புப் புகை முகத்தில் அடிக்கலாம். ஒரே கம்பெனி முத்திரை உள்ளவற்றைத்தான் ஒன்றாகச் சேர்ப்பாள். திருப்பூர் நல்லூரில் டியூப்லைட்டுக்குக் கீழே நான் பனியன் செக்கிங் பார்த்த நாட்கள் ஞாபகம் வரும். ஒரே தடவையில் சாயம் போட்ட ஒரு லாட்டோடு இன்னொன்று கலந்தால் மொத்தப் பெட்டியும் திரும்பி வந்துவிடும்.

ஆனால் அங்கே ஓட்டை விழுந்த பனியனையும் குறைந்த விலைக்கு விற்க மடித்துத்தான் வைப்போம். "கண்ணு, ஒண்ணத்தையும் வீசிப்போடாத. செகண்ட்ஸ்ல போட்டா ஆராச்சும் வாங்கிக்குவாங்க" என்பார் முதலாளியம்மா. அந்தப் பழக்கத்தில், ஒருநாள் கேரன் கழித்த கூடுகளையும் ஒரு டப்பாவில் அழகாக அடுக்கி, நல்லவற்றின் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் போனால், முதல் வேட்டைக்குக் கிளம்பவிருந்த கேரனின் மகள் எமிலி அந்த டப்பாவைத் திறந்து வைத்து மருந்து நிரப்ப உட்கார்ந்திருக்கிறாள். "ஸ்டாப்!" நான் போட்ட கத்தலில் அவர்கள் வீட்டு நாய் எழுந்து ஓடியது.

கேரன் ஒரு கூட்டை எடுத்து வளையத்தைப் பார்த்தாள். திட்டவில்லை. இவற்றை ஏன் அடுக்கி வைத்தாய் என்று மட்டும் கேட்டாள். யாருக்காவது ஆகுமே என்றேன்.

"யாருக்கு?" என்றாள்.

எனக்கு எதிரே எமிலியின் முகம்தான் இருந்தது. கேரன் இடுக்கியால் ஒவ்வொன்றின் வாயையும் நசுக்கி, பழைய உலோகம் சேர்க்கும் வாளியில் போட்டாள். உருக்குவதற்குப் போகும், ஆனால் இனி யாரும் தெரியாமல்கூட அதில் மருந்து நிரப்ப முடியாது. அந்தக் கறார் எனக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று. மிச்சத்தை நானே வாங்கி நசுக்கினேன்.

அன்று காலிங் கார்டு போட்டு நல்லூரிலிருக்கும் தங்கையிடம் சொன்னேன். "ஏனுங்க்கா, பளபளன்னு இருக்கறதையா நசுக்கிப்போட்டீங்க?" என்று அங்கலாய்த்தாள். கேரனுக்காக நான் விடாமல் வக்காலத்து வாங்கினேன். அப்போது நான் போட்டிருந்தது ஊரிலிருந்து கொண்டுவந்த, ஒரு கால் நீளம் கூடிய செகண்ட்ஸ் டிராக் பேன்ட். அதன் பாக்கெட்டில் நசுங்கிய கூடு ஒன்று இருந்தது, வாளியில் போட மனம் வராமல் நான் எடுத்து வந்தது.